திரைக்குப் பின்னால் வளர்ந்த கலைஞர்

ஜப்பானின் முதன்மைத் தீவினது வடகோடியில் அவொமோரி என்றொரு மாநிலம் உண்டு. குளிர்காலத்தில் கடும்பனி கொட்டும் மாநிலம் அது. ஆப்பிள் தோட்டங்களுக்கும் பெயர் பெற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, அம்மாநிலத் தலைநகரில் இருந்த ஒரு திரையரங்கின் வெண்திரைக்குப் பின்னால் அமைந்த அறையில் ஒரு பள்ளிச் சிறுவன் குடியிருந்தான். அரங்கின் உரிமையாளர் அவனுடைய தாய்வழி உறவினர். திரையின் முன்புறம் அமர்ந்திருப்பவன் காண்பது ஒன்று. பின்புறம் நிற்பவன் காண்பது வேறொன்று. பின்புறம் நிற்பவனுக்கு உருவங்கள் இடம் வலமாக மாறித் தெரியும். கூட்டத்தின் சிரிப்பொலி கேட்கும், சிரிப்பவரின் முகம் தெரியாது. நடுவே ஒரு துணி. அந்தத் துணியை அச்சிறுவன் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

அவரே தெராயாமா ஷுஜி. 1935ஆம் ஆண்டு திசம்பர் 10ஆம் நாள் பிறந்து, 1983ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் மறைந்தவர். நாற்பத்தேழு ஆண்டுகளே வாழ்ந்த அவர் கவிஞர், வானொலி நாடக ஆசிரியர், மேடை நாடக ஆசிரியர், இயக்குநர், திரைப்படக் கலைஞர், பாடலாசிரியர், கட்டுரையாளர் எனப் பல துறைகளில் உழைத்தார். குதிரைப் பந்தயத்தைப் பற்றியும் குத்துச்சண்டையைப் பற்றியும் ஓயாமல் எழுதினார். உம் தொழில் யாது என்று கேட்டவர்களுக்குத் தெராயாமா ஷுஜியாக இருப்பதே தம் தொழில் என்று விடையிறுத்தார். செருக்கு என்று அதனைத் தள்ளிவிடலாம். ஆனால் அவருடைய ஆக்கங்களை வரிசையாக நோக்கினால், அவை யாவும் ஒரே வினாவைச் சுற்றி வருவது புலனாகும். காண்பவனுக்கும் காட்டப்படுவதற்கும் இடையே ஒரு தடுப்பு ஏன் நிற்கவேண்டும்? அதனை நீக்கினால் என்ன ஆகும்?

அவருடைய தந்தை ஹச்சிரோ ஒரு காவலர். மகனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, 1941ஆம் ஆண்டில் அவர் போருக்கு அழைக்கப்பட்டார். பிறகு வீடு திரும்பவில்லை. தென்கடல்களில் போரிட்ட படையோடு சென்று, 1945ஆம் ஆண்டில் செலிபிசு தீவில், இன்றைய இந்தோனேசியாவின் சுலாவெசியில், இறந்தார். ஜப்பானியர் காலம் என்று நம் மூத்தோர் சொல்லும் அந்த மூன்றரை ஆண்டுகளை மலாயாவும் சிங்கப்பூரும் மறக்கமாட்டா. சயாம் மரண இரயில்பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் வாசலைப் பார்த்துக் காத்திருந்த நாள்களில், அந்தப் படையைச் சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பனி பெய்யும் ஊர்களில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குற்றமும் துயரமும் ஒரே தராசில் வைக்கத் தக்கவை அல்ல. எனினும் தந்தையை இழந்த பிள்ளையின் நெஞ்சில் விழும் வெற்றிடம் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

1945ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 28ஆம் நாள் இரவு அமெரிக்க வானூர்திகள் அவொமோரி நகரைத் தீக்குண்டுகளால் எரித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாய் ஹட்சுவும் ஒன்பது வயது மகனும் உயிர் தப்பி மிசாவா என்ற ஊரில் உறவினர் இல்லத்தில் ஒதுங்கினர். போர் முடிந்ததும் அவ்வூரிலேயே அமெரிக்கப் படைத்தளம் எழுந்தது. ஊரை எரித்தவர்களின் பாசறையிலேயே தாய் வேலைக்குச் சென்றார். சில ஆண்டுகளில் அவ்வேலை அவரை நாட்டின் மறுகோடியாகிய கியூசு தீவுக்கு இழுத்துச் சென்றது. தந்தை மண்ணில், தாய் தொலைவில், மகன் வெண்திரையின் பின்னால். அவருடைய இலக்கியம் பிறந்த இடம் இதுவே.

உயர்நிலைப் பள்ளியில் பயிலும்போதே அவர் பதினேழு அசை கொண்ட ஹைக்கூவில் கைதேர்ந்தார். 1954ஆம் ஆண்டில் தோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதே ஆண்டில், பதினெட்டு வயதில், முப்பத்தோர் அசை கொண்ட தங்காப் பாக்களுக்காக ஒரு புகழ்பெற்ற இதழின் புதுக்கவிஞர் பரிசைப் பெற்றார். பாராட்டு அடங்குமுன் பழியும் வந்தது. மூத்த ஹைக்கூக் கவிஞர்களின் சொற்களையும், தாமே முன்னர் எழுதிய ஹைக்கூக்களையும் நீட்டித் தங்காவாக்கினார் என்று குறை கூறினர். பழம்பாட்டின் அடியை எடுத்துப் புதுப்பாட்டுக்குள் வைப்பது ஜப்பானிய மரபில் உண்டு. ஆனால் அம்மரபில் எடுத்த அடி அனைவரும் அறிந்த பழைய அடியாக இருக்கும். தம் காலத்துக் கவிஞரின் சொல்லைச் சொல்லாமல் எடுப்பதற்கு அம்மரபு இடங்கொடாது. குறை குறையே.

மற்றொரு குறையும் கூறப்பட்டது, அது நுட்பமானது. அவருடைய பாக்களில் தாய் இறந்தவளாக வருவாள். உண்மையில் தாய் உயிரோடிருந்தார். பிற்காலத்தில், 1969ஆம் ஆண்டில், கார்மென் மாக்கி என்ற இளம்பாடகி பாடிய தாயில்லாப் பிள்ளையைப் பற்றிய ஒரு பாட்டு ஜப்பான் முழுவதும் ஒலித்தது. அதனை எழுதியவரும் தெராயாமாவே. அப்பொழுதும் தாய் உயிரோடுதான் இருந்தார். தம் பிறப்பைப் பற்றியும் அவர் இவ்வாறே எழுதினார். ஓடும் இரயிலில் பிறந்ததாகவும், ஆதலால் பிறந்த ஊர் இதுவெனச் சொல்ல இயலாதெனவும் எழுதிவைத்தார். இவற்றைப் பொய் என்று சொல்லி முடித்துவிட்டால் அவரைப் புரிந்துகொள்ள இயலாது. நிகழ்ந்தது மட்டுமே கடந்தகாலம் அன்று, நிகழாததும் மனிதனின் கடந்தகாலத்தில் ஒரு பகுதியே என்பது அவருடைய கொள்கை. அதன் பயனை அவருடைய திரைப்படத்தில் காண்போம்.

பல்கலைக்கழகப் படிப்பு நீடிக்கவில்லை. 1955ஆம் ஆண்டில் சிறுநீரக நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. 1958ஆம் ஆண்டுவரை மருத்துவமனையே வீடாயிற்று. நோய்ப்படுக்கையில் இருந்தபோதே, 1957ஆம் ஆண்டில், அவருடைய முதல் நூல் வெளிவந்தது. மே மாதத்தைத் தமக்குத் தருமாறு வேண்டுவது அந்நூலின் தலைப்பு. அவரைக் காண வந்த கவிஞர் தனிக்காவா ஷுந்தாரோ, வானொலிக்கு நாடகம் எழுதுமாறு ஊக்கினார். கவிதை சோறு போடாது, வானொலி போடும். நண்பரின் சொல் பலித்தது. 1960ஆம் ஆண்டில் புக்குவோக்கா வானொலி ஒலிபரப்பிய அவருடைய நாடகத்தில் சிறுவர்கள் புரட்சி செய்து பெரியவர்களை வேட்டையாடுகிறார்கள். உண்மைச் செய்தி போன்றே அமைந்த அந்நாடகம், வன்முறையைத் தூண்டுகிறது என்ற ஐயத்தை எழுப்பி, காவல்துறை விசாரணைவரை சென்றது. அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கையை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கிய ஆண்டு அது. அதிகாரிகளின் நடுக்கத்துக்குக் காரணம் இருந்தது. தெராயாமா கண்டுகொண்டது வேறொன்று. கேட்பவன் தான் கேட்பது கதை என்பதை ஒரு கணம் மறந்தால், கதை நாட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

1967ஆம் ஆண்டு சனவரியில் அவர் தென்ஜோ சஜிக்கி என்ற நாடகக் குழுவை நிறுவினார். அரங்கின் கூரையை ஒட்டிய மிக மலிவான மேல்மாடி இருக்கைகளுக்கு அப்பெயர். மனைவி குஜோ எய்கோ, ஓவியர் யோக்கோ ததனோரி, நாடகக்காரர் ஹிகாசி யுத்தாக்கா ஆகியோர் உடன் நின்றனர். நடிகர் தேவை என்று விடுத்த அழைப்பே வியப்புக்குரியது. குள்ளர், அரக்க உருவினர், விந்தையான தோற்றமுடையோர், அழகிய சிறுமியர் வருக என்றது அது. பயிற்சி பெற்ற நடிகரை அவர் தேடவில்லை. சந்தைத் திடல்களில் கூடாரமிட்டு வித்தை காட்டியோரின் கூட்டத்தை நவீன நகரத்தின் நடுவே மீண்டும் நிறுத்த விரும்பினார். ஏப்ரலில் அவொமோரியின் கூனனைப் பற்றிய முதல் நாடகம் அரங்கேறியது. 1969ஆம் ஆண்டில் தோக்கியோவின் சிபுயா பகுதியில் குழுவுக்குச் சொந்த அரங்கு அமைந்தது. அதன் முகப்பை அவாசு கியோசி என்ற கலைஞர் வடிவமைத்தார். அவ்வாண்டு இறுதியில் நிகழ்ந்த ஒரு வேடிக்கையும் சொல்லத்தக்கது. காரா ஜூரோ என்ற மற்றொரு நாடகக்காரரின் தொடக்கநாளுக்குத் தெராயாமா விளையாட்டாக இறுதிச்சடங்கு மலர்வளையம் அனுப்பிவைத்தார். காராவின் குழுவினர் படையெடுத்து வர, தெருவிலே கைகலப்பு. ஆசிரியர் இருவரும் காவல்நிலையத்தில். நாடகம் தெருவுக்கு வரவேண்டுமென்று இருவரும் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. வந்தேவிட்டது!

புத்தகத்தை எறிந்துவிட்டுத் தெருவுக்கு வாருங்கள் என்ற பொருள்படும் தலைப்பில் அவர் 1967ஆம் ஆண்டில் கட்டுரைத் தொகுப்பொன்றை வெளியிட்டார். வீட்டைவிட்டு ஓடுமாறு இளைஞருக்கு அறிவுரை கூறும் நூலும் அவருடையதே. பெற்றோரும் ஆசிரியரும் முகம் சுளித்ததில் வியப்பில்லை. உண்மையாகவே ஓடிவந்த பிள்ளைகள் அவருடைய குழுவின் வாயிலில் வந்து நின்றனர். பள்ளியை நடத்துவோர் எவரும் இந்த அறிவுரையை எளிதில் ஏற்கமாட்டார்கள். ஆயினும் இரண்டு செய்திகளை மறைக்கலாகாது. புத்தகத்தை எறியச் சொன்னவர் நூல்களை எழுதிக் குவித்தவர். எறிவதற்கும் முதலில் கையில் ஒரு புத்தகம் இருக்கவேண்டும். அடுத்து, அத்தலைப்பிலேயே 1968ஆம் ஆண்டில் அவர் நிகழ்த்திய மேடை நிகழ்ச்சியில் புகழ்பெற்ற நடிகர்கள் இல்லை. பதின்ம வயதுப் பிள்ளைகள் தாமே எழுதிய கவிதைகளைத் தாமே மேடையேறிச் சொன்னார்கள். எழுதியவனும் பேசுபவனும் ஒருவனே. எத்தனைப் பள்ளிகள் இதனைச் செய்திருக்கின்றன?

1970ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் நிகழ்ந்ததும் நாடகமா வாழ்க்கையா என்று சொல்வது கடினம். குத்துச்சண்டையைக் கருவாகக் கொண்ட ஒரு சித்திரக்கதை அன்று இளைஞரைக் கட்டிப்போட்டிருந்தது. அதில் நாயகனின் எதிராளியான ரிக்கிசி தோரு என்ற வீரன் இறந்துபோனான். அந்தக் கற்பனை மனிதனுக்குத் தெராயாமா முன்னின்று இறுதிச்சடங்கு நடத்தினார். பதிப்பகக் கட்டடத்தில் குத்துச்சண்டை மேடை அமைக்கப்பட்டது. புத்தத் துறவி மந்திரம் ஓதினார். நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கூடித் துயரம் காத்தார்கள். தந்தையின் மரணத்தைக் கண்ணால் காணாத ஒருவர், இல்லாத ஒருவனுக்குச் சடங்கு நடத்தியதைப் பித்து என்று மட்டும் எவ்வாறு சொல்வது?

அடுத்த ஐந்தாண்டுகளில் குழு பலமுறை ஐரோப்பா சென்றது. 1971ஆம் ஆண்டில் பெல்கிரேடு நாடக விழாவில் பெரும்பரிசு கிட்டியது. 1973ஆம் ஆண்டில் ஆம்சுடர்டாமின் மிக்கரி அரங்கில் அரங்கேறிய குருடனின் கடிதம் என்ற நாடகம் ஏறத்தாழ முழு இருளில் நடந்தது. காண வந்தோர் கையில் தீக்குச்சிகள் மட்டும் தரப்பட்டன. எந்தக் கணத்தில் உரசுவது என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்யவேண்டும். உரசினால் சில நொடிகள் ஒரு முகம், ஒரு கை தெரியும், பின் இருள். 1975ஆம் ஆண்டின் கொள்ளைநோய் நாடகத்தில் திரைச்சீலைகள் அரங்கைத் துண்டு துண்டாக வெட்டின. ஒரு பகுதியில் இருந்தவர் மறுபகுதியில் நடந்ததைக் காண இயலாது. நாடகம் முழுவதையும் கண்டவர் எவருமிலர். கண்டவர்கள் கூடிப் பேசினால்தான் நாடகம் உருவாகும். நுழைவுச்சீட்டு வாங்கியவன் உட்கார்ந்து உண்ணும் விருந்தாளி அல்லன், சமைக்கவேண்டியவனும் அவனே என்பது இவற்றின் உட்பொருள்.

அவ்வாண்டு ஏப்ரலில் தோக்கியோவின் சுகினாமி வட்டாரத்தில் நடந்த நாடகம்தான் அவருடைய கொள்கைக்கு வைக்கப்பட்ட கடும்சோதனை. அதன் பெயரின் பொருள் கதவைத் தட்டுதல். 19ஆம் நாள் பிற்பகல் தொடங்கி மறுநாள் இரவுவரை முப்பது மணிநேரம் அது நீடித்தது. அரங்கு கிடையாது, காண்போர் ஒரு வரைபடத்தை வாங்கிக்கொண்டு தெருத்தெருவாகத் தேடி அலையவேண்டும். ஒரு பொதுக்குளியலகத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்களுள் சிலர் திடீரென நடிக்கத் தொடங்கினர். ஒன்றுமறியாத குடும்பங்களின் வீட்டுக்குக் கடிதங்கள் வந்தன. உடல்முழுதும் கட்டுத்துணி சுற்றிய மனிதன் ஒருவன் வீட்டுக் கதவைத் தட்டினான். அஞ்சிய குடியினர் காவல்துறையை அழைத்தனர். செய்தித்தாள்கள் கடுமையாகக் கண்டித்தன.

இங்கே நின்று எண்ணிப் பார்ப்பது தகும். தடுப்பை நீக்குவது நன்றென்றே கொள்வோம். ஆயினும் அரங்குக்கு வந்தவன் தானே விரும்பி வந்தவன்; வீட்டுக்குள் இருந்தவனோ வரவில்லை. கதவு என்பதும் ஒரு திரைதான். ஆனால் அதனை இழுத்து மூடும் உரிமை உள்ளிருப்பவனுடையது. மறுக்கும் உரிமையில்லாதவனைப் பங்காளி என்று அழைப்பது பொருந்துமா? இதே வினாவை அவர் 1970-71ஆம் ஆண்டுகளில் உருவாக்கிய தக்காளிப் பேரரசன் படத்துக்கும் எழுப்பவேண்டும். பெரியோரை அடக்கி ஆளும் சிறுவர்களைப் பற்றிய அப்படத்தில் உண்மைச் சிறுவர்களை அவர் பயன்படுத்திய முறை ஏற்கத் தக்கதன்று. சிறுவரின் விடுதலையைப் பாடியவர், தம் எதிரே நின்ற சிறுவருக்குத் தேர்ந்தெடுக்கும் திறன் இன்னும் வரவில்லை என்பதை எண்ணவில்லை. கலையின் துணிவு வேறு. பிறரைப் பணயம் வைப்பது வேறு.

விரும்பி வந்தவரோடு அவர் விளையாடிய இடங்களில்தான் அவருடைய ஆற்றல் முழுதாக ஒளிர்கிறது. 1974ஆம் ஆண்டில் எடுத்த லாரா என்ற குறும்படத்தில், திரையில் தோன்றும் பெண்கள் எதிரே அமர்ந்திருப்போரை எள்ளி நகையாடுகிறார்கள். பொறுக்கமாட்டாத ஓர் ஆள் இருக்கையை விட்டு எழுந்து திரையை நோக்கி ஓடி, அதிலுள்ள பிளவின் வழியே உள்ளே புகுந்துவிடுகிறான். அடுத்த கணம் அவன் படத்துக்குள் இருக்கிறான். பெண்கள் அவனைப் படாதபாடு படுத்தி, ஆடை களைந்து, மீண்டும் அரங்குக்குள் துரத்திவிடுகிறார்கள். அந்த ஆளாக நடித்தவர், தெராயாமா மறைந்து நெடுநாள் கழித்தும், படம் காட்டப்படும்போது நேரில் வந்து திரைக்குள் புகுந்தார். 1975ஆம் ஆண்டின் விசாரணை என்ற படத்துக்கு வெண்திரைக்கு மாறாகப் பலகை வேண்டும். ஆணி அடிக்கும் மனிதர்களைக் காட்டிவிட்டு, முடிவில் வெற்று ஒளி மட்டும் நிற்கும்; காண்போர் எழுந்து வந்து அப்பலகையில் தம் கையால் ஆணி அடிப்பர்.

அவருடைய திரைப்படங்களுள் தலைசிறந்தது 1974ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்து, மறு ஆண்டு கான் விழாவில் போட்டியில் கலந்துகொண்ட நாட்டுப்புறத்தில் மரணம். கதை நிகழும் இடம் ஒசொரேசான். அச்சத்தின் மலை என்பது அப்பெயரின் பொருள். இறந்தோரின் ஆவியை அழைத்துப் பேசவைக்கும் கண்ணற்ற பெண்கள் கூடும் மலை அது. போரில் இறந்த தந்தையோடு பேசச் சிறுவன் அங்குச் செல்கிறான். வீட்டில் ஒரேயொரு சுவர்க்கடிகாரம். கைக்கடிகாரம் வேண்டுமென்று அவன் கேட்கிறான், தாய் மறுக்கிறாள். தனக்கென்று ஒரு நேரம் கூடாது, நேரம் வீட்டுக்குப் பொதுவானது என்பது தாயின் சட்டம். அண்டை வீட்டு மணப்பெண்ணோடு ஓடிப்போக அவன் எண்ணுகிறான். வண்ணமும் கனவுமாக இது செல்லும்போது படம் சட்டென நின்றுவிடுகிறது. அதுவரை நாம் கண்டது ஓர் இயக்குநர் தம் இளமையைப் பற்றி எடுத்த படம். அவரும் நண்பரும் அதனைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம் இளமைக்கு அரிதாரம் பூசிவிட்டதை இயக்குநர் உணர்கிறார். காலத்தில் பின்னே சென்று முன்னோர் ஒருவரைக் கொன்றால் இன்றைய நீ இருப்பாயா என்று நண்பர் கேட்கிறார்.

பிற்பாதியில் இயக்குநர் தம்முடைய சிறுவயது உருவத்தையே நேரில் சந்திக்கிறார். தாயைக் கொன்று, தம்மைக் கட்டிய கயிற்றை அறுக்கும் எண்ணத்தோடு பழைய வீட்டுக்குப் போகிறார். போனவர் என்ன செய்தார்? தாயோடு எதிரெதிரே அமர்ந்து உணவு உண்கிறார். கற்பனையிலும் அவரால் கொல்ல இயலவில்லை. அப்பொழுது வீட்டின் சுவர் சாய்ந்து விழுகிறது. சுவருக்கு அப்பால் மலையுமில்லை, வயலுமில்லை. தோக்கியோவின் சிஞ்சுக்கு நாற்சந்தி. ஊர்திகள் ஓடுகின்றன, மக்கள் நடக்கிறார்கள். தாயும் மகனும் உணவுத்தட்டின் முன் அமர்ந்தபடியே இருக்கிறார்கள். பாக்களில் தாயைப் பன்முறை சாகடித்த மகன், தாம் சொன்ன பொய்யைத் தாமே விசாரித்துத் தீர்ப்பெழுதிக்கொண்ட காட்சி இது. சுவரை வீழ்த்தியவருக்கு எதிரிலிருந்த தாயை விட்டு எழுந்து செல்ல முடியவில்லை.

இறுதியாண்டுகளில் உடல் நலிந்தது. ஈரல் கெட்டிருந்தது. 1982ஆம் ஆண்டில் ஒக்கினாவாத் தீவில் தம் கடைசிப் படத்தை எடுத்தார். ஊரின் கடிகாரங்களையெல்லாம் கடற்கரை மணலில் புதைத்துவிட்டுத் தலைமைக் குடும்பம் ஒன்று மட்டும் நேரத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளும் கதை அது. கார்சியா மார்க்கேசின் நாவலைத் தழுவியதால் உரிமைச் சிக்கல் எழுந்தது; பெயர் மாற்றப்பட்டு, அவர் மறைந்த பின்னர் 1984ஆம் ஆண்டிலேயே திரைக்கு வந்தது. 1982 திசம்பரில் குழு நடத்திய கடைசி நாடகத்தில் அடுத்தடுத்த இரு குடியிருப்புகளின் இடைச்சுவர் ஒருநாள் காணாமற் போய்விடுகிறது. அதே காலத்தில், மருத்துவமனையில் தம்மை எழுதத் தூண்டிய பழைய நண்பர் தனிக்காவாவுடன், தாளுக்கு மாறாக ஒளிநாடாவில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒருவர் அனுப்ப மற்றவர் விடையனுப்பினார். ஒரு கட்டத்தில் ஒரு பக்கத்திலிருந்து விடை வரவில்லை.

1983ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் அவர் தோக்கியோ மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே தென்ஜோ சஜிக்கி கலைக்கப்பட்டது. மகனின் கவிதைகளில் பலமுறை இறந்த தாய் ஹட்சு, மகனுக்குப் பின்னும் வாழ்ந்து, அவரைப் பற்றி 1985ஆம் ஆண்டில் ஒரு நூலும் எழுதி, 1991ஆம் ஆண்டில் காலமானார்.

தந்தையற்ற சிறுவன் தாயோடு ஒதுங்கிய மிசாவா ஊரில் 1997ஆம் ஆண்டில் தெராயாமா நினைவுக் காட்சியகம் திறக்கப்பட்டது. சிபுயா அரங்குக்கு முகப்பு அமைத்த அவாசு கியோசியே அதனையும் வடிவமைத்தார். உள்ளே ஓர் இருண்ட கூடத்தில் மேசைகள் வரிசையாக இருக்கின்றன. காண வருவோர் கைவிளக்கை ஏந்திச் சென்று, இழுப்பறை ஒவ்வொன்றையும் தாமே இழுத்துத் திறந்து, உள்ளே குனிந்து பார்க்கிறார்கள்.